லைனில் எல்லாரிடமும் ஒரே பேச்சு எடுபடாது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர் ஆகிறவர் பெரும்பாலும் நல்ல டெய்லராக இருந்தவர்தான். கை வேகம், ஆல்ட்ரேஷன் (தப்பாகி, திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) குறைவு, லீவு போடாத ஆள். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு லைனை, அதாவது ஒரு வரிசை தையல் மெஷின்களையும் அதில் உட்காரும் ஆள்களையும், கையில் கொடுத்துவிடுவார். தைக்கக் கற்றுக்கொடுக்க அவருக்கு யாராவது இருந்திருப்பார்கள். ஆள்களை நடத்தக் கற்றுக்கொடுக்கத்தான் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் அந்தக் காலத்தில் தன்னை எப்படி நடத்தினார்களோ, அதையே எல்லாரிடமும் காட்டுவார். திட்டு வாங்கி வளர்ந்தவர் திட்டுவார். பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டவர், "வேணும்னா வந்து கேக்கட்டும்" என்று விட்டுவிடுவார்.

லைன் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த இரண்டு வகையினரையும் எல்லா வகுப்பிலும் பார்க்கிறேன். திட்டுவது, விட்டுவிடுவது இரண்டுமே சில இடத்தில் வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். அதனால் மாற்றத் தோன்றாது.

ஆளுக்கேற்ப நடத்தும் முறையைப் பற்றி 1969-ல் பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு கோட்பாடு சொன்னார்கள். பிள்ளை வளர வளரப் பெற்றோர் பிடியைத் தளர்த்துவதிலிருந்து வந்த யோசனை அது. புதியவருக்கு ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யவைப்பது, கொஞ்சம் தேறியதும் காரணத்தை விளக்குவது, பிறகு கலந்து பேசுவது, கடைசியில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது என்று நான்கு படி. வேதவாக்கு இல்லை. 1987-ல் ராபர்ட் வெக்கியோ என்ற ஆய்வாளர் பள்ளி ஆசிரியர்களை வைத்துச் சோதித்தபோது, புதியவர்களுக்கு விவரமாகச் சொல்லித்தர வேண்டும் என்ற பகுதிதான் ஓரளவு தேறியது. மற்றவை தெளிவாக நிற்கவில்லை. என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான்கு படியை மனப்பாடம் செய்ய வேண்டாம். புதிதாகக் கற்கிறவர் யார் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தால் பாதித் தகராறு குறையும்.

அதைக் கண்டுபிடிப்பதில்தான் தப்பு நடக்கிறது. பத்து வருடம் ஓவர்லாக் மெஷின் ஓட்டிய அக்காவை, ஆள் வரவில்லை என்று காலையில் பிளாட்லாக் என்ற வேறு வகைத் தையல் மெஷினில் உட்காரவைக்கிறார்கள். "உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்துவிட்டு சூப்பர்வைசர் போய்விடுகிறார். மரியாதையாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த மெஷினில் அக்கா புது ஆள். சீனியர் ஆயிற்றே, கேட்டால் கேலி செய்வார்கள் என்று கேட்கவும் மாட்டார். மதியத்துக்குள் ஒரு கட்டு ஆல்ட்ரேஷன் சேர்ந்துவிடும். அனுபவத்தை ஆளை வைத்துக் கணக்கிடக் கூடாது, இன்று கையில் இருக்கும் வேலையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

டார்கெட்டும் இதே கதைதான். ஒரு வேலைக்கு அரை நிமிடம் என்றால் 480 நிமிட ஷிப்டில் 960 பீஸ் என்று தாளில் வரும். அது முழுத் திறனில் ஓட்டுகிறவருக்கான எண். புதியவரிடம் முதல் வாரமே அதைக் கேட்டால் ஒன்று தையல் கெடும், இல்லை சனிக்கிழமை சம்பளத்தோடு ஆள் நின்றுவிடுவார். முதலில் தரம், அப்புறம் வாராவாரம் எண்ணிக்கையை ஏற்றுவது என்று வைத்தால் ஆளும் தங்குவார், தையலும் தங்கும்.

வேலை தெரிந்தும் நிலைமை மாறியிருப்பவர்கள் தனி வகை. பிரசவ விடுப்பு முடிந்து வருகிற டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்கு இந்த விடுப்பு 26 வாரம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளையும் சட்டத்தில் உண்டு. திரும்பி வந்தவுடன் "பாவம், கஷ்டப்பட வேண்டாம்" என்று பிசிறு வெட்ட உட்காரவைப்பதைப் பார்த்திருக்கிறேன். கரிசனம்போலத் தெரியும், அவருக்கோ தரம் இறங்கியதாக இருக்கும். அவர் மெஷினை அவரிடமே கொடுத்துவிட்டு, இடைவேளை நேரத்துக்கு மாற்று ஆளை முன்கூட்டியே வைப்பதுதான் உதவி. எப்படிச் செய்யலாம் என்று அவரிடமே கேட்டாலும் போதும்; நேரத்தை அவரே சரியாகச் சொல்லுவார்.

பீகாரிலிருந்து வந்த பையன்களுக்கு வேறு கணக்கு. தீபாவளிக்கு நாம் கதவைச் சாத்திவிட்டுத் திறக்கும்போது அவர்களுடைய பெரிய பண்டிகையான சத் பூஜை அப்போதுதான் வரும், தீபாவளி கழித்து ஆறாம் நாள். ஊர் போய்ச் சேரவே ரயிலில் இரண்டு நாள். ஒரு வாரத்தில் திரும்பச் சொல்வதும் வரவேண்டாம் என்பதும் ஒன்றுதான். செப்டம்பரிலேயே உட்கார்ந்து யார் எப்போது போவது என்று பேசிவிட்டால், சொன்ன தேதிக்கு வருகிறவர்கள் கூடுவார்கள். தமிழ் புரியாதவரிடம் சத்தத்தைக் கூட்டுவதில் பயனில்லை. நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டால் விஷயம் முடிந்தது.

இவ்வளவும் சொன்னால் வகுப்பில் உடனே எழும் கேள்வி: "ஆளுக்கு ஒரு மாதிரி நடந்தா ஓரவஞ்சனைன்னு சொல்ல மாட்டாங்களா?" சொல்லுவார்கள், எது மாறும் எது மாறாது என்று சூப்பர்வைசர் வெளிப்படையாகப் பேசாவிட்டால். கூலி, தரம், ஊசி விதி மாறாது. ஏற்றுமதி வேலையில் ஊசி உடைந்தால் துண்டுகள் அத்தனையும் கிடைத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு துணியில் தங்கினால் யாரோ ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும். அங்கே இருபது வருட அனுபவசாலியிடமும் கலந்து பேச ஒன்றுமில்லை, கட்டளைதான். மாறுவது சொல்லித்தரும் விதம், டார்கெட்டை எட்டக் கொடுக்கும் காலம், எத்தனை முறை பக்கத்தில் போய் நிற்பது, இவ்வளவுதான்.

முதலாளிகளுக்கும் ஒன்று. அறுபது பேரை ஒருவர் தலையில் கட்டி, மணிக்கு மணி பீஸ் எண்ணிக்கை மட்டும் கேட்டால், அவர் எந்த ஆளின் முகத்தையும் பார்க்கப் போவதில்லை. பயிற்சிக்கு என்னைக் கூப்பிடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு சூப்பர்வைசருக்கு எத்தனை மெஷின்? பதிலைக் கேட்ட பிறகு, சில கம்பெனிகளில் வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் லைனைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.