கார் மோதி அடிபட்டால்: ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்தது. வலது தோள்பட்டை உடைந்தது. கூட வேலை செய்த பையன் ஒருவன் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அங்கே கேட்டார்கள்: "எப்படிப்பா ஆச்சு?" பதற்றத்தில் அவன் சொன்னது, "வண்டியிலேருந்து விழுந்துட்டாருங்க." அவ்வளவுதான். விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாளில், 'செல்ஃப் ஃபால்' என்று எழுதிவிட்டார்கள். தானாக விழுந்தார் என்று பொருள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்தத் தாளைத்தான் நீதிபதியிடம் நீட்டினார். அந்த ஒரு வரியைச் சரிக்கட்ட, சம்பவத்தைப் பார்த்த டீக்கடைக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. அவர் கடையை அடைத்துவிட்டு வரும் நாளில் நீதிபதி விடுப்பு, நீதிபதி வரும் நாளில் எதிர்த்தரப்பு வாய்தா. இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

சட்டம் என்று பார்த்தால் விஷயம் சின்னதுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி ஓட்டியவரின் தவறால் அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பமோ மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். அந்த வண்டிக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து பணம் வரும். சென்னையில் இதைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் விசாரிக்கிறார்கள், மாவட்டங்களில் அங்கங்கே இதற்கென ஒதுக்கிய நீதிமன்றங்கள் இருக்கின்றன. கோர்ட்டில் இந்த மனுவுக்கு எம்.சி.ஓ.பி. என்று பெயர். சட்டப் பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். ஆட்கள் தோற்பது சட்டத்தால் இல்லை, தாள்களால்.

ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவர் வாயில் முதலில் வர வேண்டிய வாக்கியம்: "இந்த நம்பர் கார் மோதிருச்சு." நம்பர் தெரியாவிட்டால் "வெள்ளை கலர் கார் மோதிட்டு நிக்காம போயிருச்சு." எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. ஏற்கெனவே தப்பாக எழுதியாகிவிட்டது என்றால் அதை அடித்துத் திருத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். அடிபட்டவருக்கு நினைவு வந்ததும் போலீசுக்குக் கொடுக்கும் வாக்குமூலத்தில், முதலில் தகவல் சொன்னவர் சம்பவத்தைப் பார்க்காதவர் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சைச் செலவுக்குப் பயந்து பொய் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் எங்கே விபத்து நடந்தாலும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உச்சவரம்புக்குள் பணம் கட்ட வேண்டாம். வருமானச் சான்றும் கேட்கக் கூடாது. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டு ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை உண்டு. அட்வான்ஸ் கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

சமரசம் பேச வருகிறவர்கள்

அடுத்த பொறி, கார்க்காரரின் அன்பு. ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பார். "கேஸெல்லாம் எதுக்குண்ணே, செலவு முழுக்க நான் பாத்துக்கறேன்" என்பார். முதல் பில்லைக் கட்டவும் செய்வார். ஸ்டேஷனில் 'மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். இரண்டாவது ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லும் நாளில் அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். இதை நான் ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்துவிட்டேன். அவர் உண்மையிலேயே நல்லவராக இருந்தாலும் பணம் அவர் பாக்கெட்டிலிருந்து வர வேண்டியதில்லை, அவர் கட்டிய பிரீமியத்திலிருந்து வரப்போகிறது. அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று அவரிடமே சொல்லுங்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்று ஒரு மனு ரசீது கொடுத்து அனுப்புவார்கள். பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து பீரோவில் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். அது வெறும் ரசீது. குற்ற எண் போட்ட முதல் தகவல் அறிக்கையை வாங்கும்வரை வேலை முடியவில்லை. புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம், தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலும் எடுக்கலாம். "இது எங்க லிமிட் இல்ல" என்பது இன்னொரு பாட்டு. சென்னையில் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்கும் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்கும் நடுவில் நடக்கவைத்தே செருப்பைத் தேய்த்துவிடுவார்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173ஆம் பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் அதே பிரிவைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் தபால் ரசீது பின்னால் தாமதத்துக்கு விளக்கமாகவும் உதவும். எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கோரிக்கையைத் தள்ளக் கூடாது என்று 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் விளக்கம் வேண்டும்.

புகாரை ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் கையெழுத்துப் போடும்முன் படியுங்கள். நேரம், இடம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனீர்கள், கார் எங்கிருந்து வந்து எங்கே இடித்தது, கார் எண், பார்த்தவர்கள் பெயர். இவை இருக்கிறதா? காரை ஓட்டியவர் யார் என்பதையும் கவனியுங்கள். லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியிருப்பான், ஸ்டேஷனில் டிரைவர் வந்து ஆஜராவார். அந்த இடத்திலேயே எடுத்த ஒரு போட்டோ இங்கே பேசும். பக்கத்துக் கடையின் சி.சி.டி.வி. பதிவு சில நாளில் அழிந்துவிடும். அதை வாங்கி வைக்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்திலேயே கொடுங்கள்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் உங்கள் உரிமைகளைச் சொல்லும் படிவம் 2ஐ உங்கள் கையில் தர வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். படிவம் 2ஐக் கேட்டால் "அப்படியொண்ணு இருக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்ட அதிகாரி உண்டு. அவர்கள் அனுப்பினால் நல்லது. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

காரணம் இதுதான்: மனுப் போட ஆறு மாதம்தான் கெடு. 1994இல் எடுத்துவிட்ட கெடுவை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் திரும்பக் கொண்டு வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. நடுவில் இத்தனை வருடம் கெடுவே இல்லாததால் "ஆக்சிடென்ட் கேஸ் எப்ப வேணா போடலாம்" என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் உட்பட. இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. அவை முடியும்வரை கெடுவைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவு நாளைக்கே மாறலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சிகிச்சை முடியவில்லை என்பதும் காத்திருக்கக் காரணமில்லை, பில்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். விபத்து நடந்த ஊருக்கு அலையவும் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதா, யாருக்கு இருக்கிறது

கார் எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். விபத்து நாளன்று அது உயிரோடு இருந்ததா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத கார் என்றால் அது ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போதே வக்கீலைப் பிடித்து, பிணைத்தொகை இல்லாமல் வண்டியை விடக் கூடாது என்று மனுப் போட வேண்டும். வண்டி வெளியே போய்விட்டால் உரிமையாளரின் சொத்தைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும்.

"டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட வழக்குகளில், கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றன.

உண்மையான பொறி வேறு இடத்தில் இருக்கிறது. நண்பரின் காரில் உட்கார்ந்து போகிறீர்கள், அது தானாகப் போய்ப் புளியமரத்தில் மோதுகிறது. அந்தக் காருக்கு 'தேர்டு பார்ட்டி மட்டும்' பாலிசி என்றால் உள்ளே இருந்த உங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தர வேண்டியதில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தவருக்கும் இதே கதிதான். முழு பாலிசி இருந்தால் உண்டு. இதுவே இன்னொரு வண்டி வந்து மோதியிருந்தால் அந்த வண்டியின் பாலிசிக்கு நீங்கள் மூன்றாம் நபர், கவலை இல்லை.

மோதிய வண்டி கடைசிவரை அகப்படவில்லை என்றால் வழி தீர்ப்பாயம் இல்லை, தாசில்தார் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம். இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இந்தத் திட்டத்தில் விண்ணப்பிப்பவர்களே மிகக் குறைவு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படாவிட்டால் இப்படி ஒரு திட்டம் இருப்பதை போலீசே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்களுக்குத் தெரிவித்தார்களா?

ஊனச் சதவீதம் என்ற கணக்கு

கொத்தனாருக்கு வருகிறேன். மருத்துவக் குழு அவருக்கு 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. அது கைக்கா, முழு உடலுக்கா? சான்றில் இல்லை. நம் ஊரில் பல வழக்குகளில் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். ஐயாயிரம் என்று வைத்தால் 2 லட்சம். ஆனால் வலது தோளைத் தூக்க முடியாத கொத்தனார் கரணை பிடிக்க முடியாது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே இதுதான்: உடலில் எவ்வளவு போனது என்று பார்க்காதே, பிழைப்பில் எவ்வளவு போனது என்று பார். மாதம் 15,000 வருமானம், வயது 42 என்றால் பெருக்கல் எண், அதாவது வருட வருமானத்தை வயதுக்கேற்பப் பெருக்கும் எண், 14. பிழைப்பில் கால் பங்கு போனது என்று மட்டும் எடுத்தால்கூட 6,30,000 வருகிறது. அந்த நாற்பதைவிட இந்த இருபத்தைந்து மூன்று மடங்கு பெரியது. இதைக் கேட்டு வாதாடாத வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை.

அதற்கு இரண்டு தாள் வேண்டும். ஒன்று, என்ன வேலை செய்தார் என்பதற்கு: கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை, மேஸ்திரியின் கணக்கு நோட்டு, ஜி-பேயில் வந்த கூலி, எதுவானாலும். இரண்டு, இப்போது என்ன செய்ய முடியவில்லை என்று வைத்தியம் பார்த்த டாக்டர் எழுதியது. பிளேட் எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரும் என்றால் அதன் உத்தேசச் செலவையும் இப்போதே எழுதி வாங்குங்கள். மெடிக்ளெய்மில் ஒரிஜினல் பில்களைக் கொடுத்துவிட்டால், ஆஸ்பத்திரி முத்திரையோடு நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆட்டோ ரசீது, பிசியோதெரபி சீட்டு, இவையும் சேரும். ஹெல்மெட் போடவில்லை என்றால் ஒரு பங்கு குறைக்கலாம், மொத்தமாக மறுக்க மாட்டார்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று கூப்பிடுவார்கள். கெட்ட விஷயமில்லை, பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்ட பிறகு அப்பீல் கிடையாது. ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது போடாதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்துத் தாளோடு ஒருவர் நிற்பார். "நீங்க ஒரு பைசா தர வேணாம்மா, வர்றதுல பாத்துக்கலாம்" என்பார். வருவதில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிக்கவில்லை. காசு இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீலை இலவசமாகக் கேட்கலாம். யாரை வைத்தாலும் வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், செக் புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம். தீர்ப்பாயத்தில் கொடுக்கும் வங்கிக் கணக்கு அடிபட்டவர் பெயரிலேயே இருக்கட்டும்.

கொத்தனார் வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கோர்ட்டில் கட்டி நான்கு மாதம் ஆகியும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மகள் ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்த்து, தீர்ப்பாகிவிட்டது என்று கண்டுபிடித்து, நேரே கோர்ட்டில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. பணத்தை எடுக்கத் தனியாக ஒரு மனுப் போட வேண்டும், அது தானாக வராது. மனுப் போட்ட அன்றே எம்.சி.ஓ.பி. எண்ணையும் வருடத்தையும் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள்.