குதிரான் டனல்ல தீப்பிடிச்சா ஃபேன் ஊதிப் பெருசாக்காதா?

வாளையார்ல டீ குடிச்சிட்டிருந்தப்ப ஒரு லாரிக்கார அண்ணன் கேட்டாருங்க, "பாலக்காடு-திருச்சூர் ரோட்டு குதிரான் டனல் கூரையில அத்தத்தண்டி ஃபேன் தொங்குதே, உள்ள வண்டி தீப்பிடிச்சா அது அடுப்புல ஊதாங்குழல் வெச்ச கதையாயிடாதா?" செம கேள்வி. தீ கொஞ்சம் பெருசாகத்தான் செய்யும், ஆனா உள்ள ஆளைக் கொல்றது பெரும்பாலும் புகைதாங்க.

சூடான புகை மேல போய் கூரையில முட்டி ரெண்டு பக்கமும் ஓடும், ஓட ஓட ஆறி கீழ இறங்கும், தள்ளி நின்னு வீடியோ எடுக்கறவர் தலையிலயே. இப்ப ஃபேன் காத்தை ஒரு பக்கமா தள்ளுது. காத்து மெதுவா போச்சுன்னா கூரையை ஒட்டி புகை மட்டும் எதிர்ப்பக்கமா நாக்கு நீட்டி ஊர்ந்து வரும், வெள்ளத்தை எதிர்த்து ஏறற மீனாட்டம். வேகத்தைக் கூட்டக் கூட்ட அந்த நாக்கு சுருங்கிட்டே போய் ஒரு கட்டத்துல தீக்கிட்டயே நின்னுடும். அதுதான் கிரிட்டிக்கல் வெலாசிட்டி. பெரிய லாரி தீக்கே செகண்டுக்கு சுமார் 3 மீட்டர் போதும், சும்மா சைக்கிள் மிதிக்கற வேகம்! தீ ரெண்டு மடங்கானா இதுவும் ரெண்டு மடங்காகறதில்ல, மெல்லத்தான் ஏறும், தீ நாக்கு கூரையைத் தொட்டு நக்கற அளவுக்குப் போயிட்டா அப்புறம் ஏறறதே கிட்டத்தட்ட நின்னுடும். எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம்.

குதிரான்ல ரெண்டு குழாய், ஒவ்வொண்ணும் ஒன்வே. தீக்கு முன்னாடி போனவங்க வெளிய போயிடுவாங்க, மாட்டறது பின்னாடி நிக்கறவங்க, அதனால வண்டி போற திசையிலயே ஊதணும். முன்னாடியும் ஜாம்னா? புகை பூரா அவங்க மேலதான். திருச்சூர் போற குழாய்ல ஆடி மாச மேக்காத்து எதிர்ல அடிச்சா ஃபேன் முதல்ல அதை ஜெயிச்சாகணும். ஆபத்தைக் கணக்குப் போடறதுன்னா இதெல்லாம் சேர்த்துதான்.

லோடும் முக்கியம். 1999ல பிரான்ஸ்-இத்தாலி நடுவுல இருக்கற மோன் பிளாங்க் டனல்ல எரிஞ்ச லாரியில இருந்தது வெறும் மைதாவும் மார்கரினும், செத்தது 39 பேர். கார் எரிஞ்சா வர்ற வெப்பம் சுமார் 5 மெகாவாட், 2003ல நார்வேல ஒரு பழைய டனல்ல மரப்பலகை, பிளாஸ்டிக் லோடை எரிச்சுப் பாத்தா 200 மெகாவாட்டைத் தாண்டிருச்சு! பொள்ளாச்சி தேங்கா நார் லோடை இப்படி எரிச்சுப் பாக்க யாராச்சும் காசு ஒதுக்கினா தேவலை. டனல் வர்றதுக்கு முன்னாடி பழைய மலை ரோட்டுல ஐயப்பனுக்குக் காசு வீசிட்டுப் போவோம், நானும் வீசியிருக்கேன், அது மனசுக்கு, புகைக்கு இல்ல.

"அப்ப எந்தப் பக்கம் ஓடறது?"ன்னாரு அண்ணன். சாவியை வண்டியிலயே விட்டுட்டு, காத்து எங்கிருந்து வருதோ அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி நடங்கன்னேன்.