கடற்பஞ்சுக்குள் ஒரு கண்மாய்

தனுஷ்கோடிக் கரையில் பொறுக்கிய ஒரு காய்ந்த துண்டைத் திருமங்கலத்து மாணவி ஒருவர் கொண்டுவந்து காட்டி, "இது செடியா, பவளமா?" என்று கேட்டார். பழுப்பு நிறம், சொரசொரப்பு, உடலெங்கும் ஊசித்துளைகள். உச்சியில் மட்டும் மிளகு நுழையும் அளவுக்கு ஒரு துளை. செடியும் இல்லை, பவளமும் இல்லை. கடற்பஞ்சு என்னும் விலங்கின் எலும்புக்கூடு அது.

துளையுடலிகள் என்ற பெயரில் கடற்பஞ்சுகளைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வாய், வயிறு, இதயம், நரம்பு எதுவும் கிடையாது. பாறையில் ஒட்டிக்கொண்டு, உறிஞ்சும் கடல்நீரிலுள்ள பாக்டீரியாவைத் தின்று வாழும். ஆனால், இதயமே இல்லாத உடல் ஒரே நாளில் தன் கொள்ளளவைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை இறைக்கிறதே, அது எப்படி?

உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள் ஏராளம். அவற்றின் சுவர்களில் கொயனோசைட் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் சாட்டைபோல ஆடும் ஒரு கசையிழை. அதைச் சுற்றிச் சல்லடைபோல ஒரு கழுத்துப்பட்டை. கசையிழை துடிக்கும்போது நீர் சல்லடை இடுக்குகளில் புகுந்து போகிறது. வெளிப்புறம் சிக்கிய பாக்டீரியாவைச் செல் விழுங்கிவிடுகிறது. இந்தச் செல்கள் தாளம் சேர்ந்து துடிப்பதுகூட இல்லை. அதது தன்போக்கில் துடிக்கிறது.

மீதி வேலையைச் செய்வது உடலின் அமைப்பு. நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்காலில் கலங்கலாக ஓடிவரும் தண்ணீர், கண்மாய்க்குள் பரந்ததும் வேகம் தணிந்து வண்டலைக் கீழே விடுகிறது. அதே தண்ணீர் மடையில் சீறிப் பாய்கிறது. கடற்பஞ்சிலும் இதே கணக்குதான். அறை ஒவ்வொன்றும் சிறியது. அத்தனை அறைகளின் பரப்பையும் கூட்டினாலோ உச்சித் துளையைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே அறைகளில் நீர் ஊர்கிறது, இரையைப் பிடிக்க அவகாசம் கிடைக்கிறது. பிறகு கால்வாய்கள் ஒன்றுசேர்ந்து, ஒற்றைத் துளை வழியே நீர் பீறிட்டு வெளியேறுகிறது. கழிவு தொலைவில் போய் விழுவதால், அதே நீரைத் திரும்பக் குடிக்க நேர்வதில்லை. கண்மாய்க்கு நிலத்தின் சாய்வு உதவுகிறது. இங்கே பெரும்பாலும் தள்ளுவது அந்தக் கசையிழைகள்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இந்த இறைப்பால் கடலுக்கும் லாபம். பவளமும் பாசியும் நீரில் கரைத்துவிடும் சத்தைப் பெரும்பாலான உயிர்களால் பிடித்து உண்ண முடியாது. சில கடற்பஞ்சுகள் அதை உறிஞ்சி வளர்ந்து, பழைய செல்களைத் துகள்களாக உதிர்க்கின்றன. அடித்தரையில் வாழும் சிற்றுயிர்கள் அவற்றைத் தின்கின்றன. கரீபியன் கடற்பஞ்சுகளை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013-இல் இதைக் காட்டினார்கள்.

இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் சைட்டராபின் மருந்துக்கு வழிகாட்டியதும், 1950-களில் ஒரு கரீபியன் கடற்பஞ்சில் கிடைத்த வேதிப்பொருள்தான். மருந்து என்றதும் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. அதற்கு முன்படி, எந்த இனம் எது என்று, எலும்புக்கூட்டிலுள்ள நுண்ணிய முட்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கும் வேலை. மன்னார் வளைகுடா நமக்கு இத்தனை அருகில் இருக்கும்போது, அந்த வேலைக்குத்தான் முதலில் நிதி ஒதுக்க வேண்டும் என்பேன்.

மாணவி கொண்டுவந்த துண்டின் உச்சித் துளைக்குள் கைவிளக்கு அடித்துப் பார்த்தோம். உள்சுவரில் சிறு துளைகள் நாலைந்து தெரிந்தன. அவை கிளைக்கால்வாய்கள் வந்து சேரும் வாய்கள்.