ஐக்யூ எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதையும் படியுங்கள்

காலாண்டுத் தேர்வு மார்க் வந்த கையோடு உளவியலாளர்களான எங்களிடம் வரும் பெற்றோர் அதிகம். "ஸ்கூல்ல ஐக்யூ டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்பார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் எண்ணைத் தேடுவார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடினால் டெஸ்ட் எடுத்ததில் பாதிப் பலன் வீண்.

இந்த டெஸ்ட் எதற்காக வந்தது என்று பாருங்கள். 1904-இல் பிரான்ஸ் அரசு ஒரு குழு அமைத்தது. வழக்கமான வகுப்பில் ஈடுகொடுக்க முடியாத பிள்ளைகளை அடையாளம் கண்டு தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்காகத்தான் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவரும் 1905-இல் முதல் அளவுகோலைத் தயாரித்தார்கள். அறிவு பிறப்பிலேயே தீர்மானமாகிவிட்டது, இனி வளராது என்று சொன்னவர்களோடு பினே கடைசிவரை சண்டை போட்டார். நம் ஊரில் இன்றும் புழங்கும் பினே-காமத் டெஸ்ட், அந்த அளவுகோலை வி. வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தது. தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிவருவதாக ஆய்வுகள் காட்டுவதால், பழைய அளவுகோல்கள் எண்ணைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும்.

எண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று. சராசரி 100, மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். 92 என்று வந்தால், உண்மையில் 86 முதல் 98 வரை எங்கேயும் இருக்கலாம். சித்தி பையனுக்கு 96, நம்ம பையனுக்கு 92 என்று வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம், டெஸ்ட் அறையில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கி, படத்தில் உள்ள வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரு பிள்ளை ஒவ்வொரு கட்டையை வைக்கும்போதும் என் முகத்தைப் பார்க்கும். வடிவம் சற்றுக் கடினமானதும் கட்டைகளைத் தள்ளிவிட்டு, "எனக்கு இது வராது மிஸ்" என்று கையைக் கட்டிக்கொள்ளும். இன்னொரு பிள்ளை, நேரம் முடிந்து நான் ஸ்டாப்வாட்சை நிறுத்திய பிறகும், "இருங்க மிஸ், இந்த ஒரு மூலைதான்" என்று விடாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். விதிப்படி அதற்கு மார்க் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே எண் வரலாம். ஆனால் வீட்டில் அவர்களுக்குச் செய்ய வேண்டியது வேறு வேறு. ரிப்போர்ட்டில் டெஸ்டின்போது குழந்தை நடந்துகொண்ட விதம் பற்றி ஒரு பத்தி இருக்கும். அதில் நாங்கள் எழுதுவது இதைத்தான்.

அந்த இரண்டாவது பிள்ளையிடம் தெரிவது போன்ற, சாதிக்க வேண்டும் என்ற உந்துதலைப் பல காலம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட். 1950-களில் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் வளையங்களைக் கொடுத்து, கம்பத்தில் மாட்டும்படி எறியச் சொன்னார். எங்கிருந்து எறிவது என்பது அவர்கள் விருப்பம். உந்துதல் அதிகமுள்ளவர்கள் பெரும்பாலும் நடுத்தர தூரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்ற தூரம் அது. மற்றவர்கள் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றார்கள், அல்லது வெகு தூரம் தள்ளிப் போனார்கள். பக்கத்தில் நின்றால் தோற்கவே வழியில்லை. தூரத்தில் நின்றால் தோற்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நம் வீடுகளில் பல பிள்ளைகளை நாமே அந்த இரண்டு ஓரங்களுக்குத் தள்ளுகிறோம். கணக்கில் 42 எடுத்தவனிடம் "அடுத்த தடவை 90 எடுத்துக் காட்டு" என்கிறோம். இல்லையென்றால், "இவன் பாஸானாலே போதும் சாமி" என்று அவன் காதுபடச் சொல்கிறோம். அதற்குப் பதில், பின்னங்கள் பாடத்தில் மட்டும் தடுமாறுகிறான் என்று கண்டுபிடித்து, இந்த மாதம் அதை மட்டும் எடுங்கள். இலக்கு 50 போதும். அது கைக்கு வந்ததும் அடுத்ததை அவனே கேட்பான்.

பாராட்டிலும் கவனம் தேவை. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முல்லர், டுவெக் என்ற இரு உளவியலாளர்கள், புதிர்கள் போட்ட பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா முயற்சி பண்ணின" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதான வேலையையே கேட்டார்கள். கடினமான புதிரில் சறுக்கிய பிறகு, கிட்டத்தட்ட பத்தில் நான்கு பேர் தங்கள் மார்க்கைக் கூட்டிச் சொன்னார்கள். பாராட்டை மாற்றினால் மட்டும் மார்க் எகிறிவிடாது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் கிடைத்த பலன் சிறியதுதான். ஆனாலும் பட்டம் காக்கப் பொய் சொல்லும் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தயவுசெய்து பட்டம் கொடுக்காதீர்கள்.

சரி, யாருக்கு டெஸ்ட் அவசியம்? பேச்சும் வளர்ச்சியும் பின்தங்கும் பிள்ளைக்கு, நன்றாகப் பேசியும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத பிள்ளைக்கு, கட்டாயம் எடுங்கள். கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்க இந்தப் பரிசோதனை தேவைப்படும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுப் போங்கள். கண்ணும் காதும் முதலில் பார்த்துவிடுங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வீட்டில் பேசும் மொழியிலேயே குழந்தை டெஸ்ட் எழுத வேண்டும். இணையத்தில் தேடிப் பயிற்சி கொடுத்துக் கூட்டி வந்தால் எங்களுக்குத் தவறான படம்தான் கிடைக்கும்.

ரிப்போர்ட் வாங்கும் அன்று, குழந்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் கேளுங்கள்: எந்தப் பகுதியில் நன்றாகச் செய்தான், எங்கே விட்டுக்கொடுத்தான், எப்போது உதவி கேட்டான். அதை எழுதி வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள்.