சொல் விளக்கம்: ராட்டினம்

நெல்லைச் சீமையில் ஓர் ஊரில் கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த் தெய்வத்தின் திருவிழாவுக்கு, கால் நாட்டிவிட்டார்கள் என்றால், பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி "இந்தத் தடவ ராட்டினம் வருதா?" என்பதுதான். வில்லுப்பாட்டுக்கு யார், கணியான் கூத்துக்கு யார், மேளம் எந்த ஊர் செட்டு என்பதெல்லாம் பெரியவர்களின் விசாரிப்பு. பிள்ளைகள் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் குதிரை பூட்டிய குடைராட்டினம், தொட்டில் ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டிராகன் ரயில் என்று ஏறி ஆடக்கூடிய அத்தனையும் அடக்கம்.

அகராதியில் இதை 'இ' வரிசையில் தேட வேண்டும். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் ரகரம் வராது என்பது மரபு. ஆகவே இராமன், இராகம் வரிசையில் இதுவும் இராட்டினம். பொருள் மூன்று: நூல் நூற்கும் சக்கரம், கிணற்றில் கயிறு ஓடும் கப்பி, ஆள் ஏறிச் சுற்றும் ஆட்டக்கருவி. நடுவில் ஓர் அச்சு, அதைச் சுற்றி ஓடும் வட்டம். மூன்றுக்கும் இதுவே பொது. முதல் பொருள் இன்று 'ராட்டை' என்ற வடிவில்தான் புழங்குகிறது. காந்தியடிகளின் கைராட்டை எல்லாருக்கும் தெரியும். வீரவநல்லூர் போன்ற நெசவு ஊர்களுக்கு ராட்டை வீட்டுப் பண்டம். ஒரு கை நூலைப் பிடித்திருக்க, மறு கை சக்கரத்தைச் சுற்ற, தார்க்குச்சியில் நூல் ஏறிக்கொண்டே இருக்கும்.

சொல்லின் பிறப்பு தமிழ்நாட்டு எல்லைக்குள் அடங்குவதில்லை. தெலுங்கில் நூற்கும் சக்கரத்துக்கு ராட்னமு என்று பெயர். கன்னடத்தில் ராட்டெ. இந்தியில் கிணற்று நீர் இறைக்கும் சக்கரம் ரஹட். அது வடமொழி அரகட்டம் என்பதன் திரிபு. ராட்டினத்தையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. ஓசையும் பொருளும் அதற்கு இடம் தருகின்றன. அதனாலேயே இதை அயற்சொல் என்று ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வார்க்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கூரை குடை விரித்தாற்போல் இருந்ததால் குடைராட்டினம், பெட்டி தொட்டிலாக இருந்ததால் தொட்டில் ராட்டினம், ஆளை மிரட்டும் உயரத்தில் இருந்ததால் ராட்சத ராட்டினம் என்று நம் மக்கள் அதன் மேல் கிளை கிளையாகச் சொல் வளர்த்திருக்கிறார்கள். இத்தனை கிளை விட்ட சொல் இந்த மண்ணின் சொல்தான்.

சின்னக் கொடைகளுக்கு வருகிற தொட்டில் ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது. மரச்சட்டத்தில் நாலு தொட்டில். கீழே நிற்கிற ஆள், இறங்கி வரும் தொட்டிலைப் பிடித்துத் தன் பாரத்தைக் கொடுத்து இழுப்பார். அடுத்தது வந்ததும் அதையும் இழுப்பார். வேகம் கூடிவிட்டால் கையெடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். பெரிய ராட்டினத்தில் ஆள் ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பெட்டி நிறைந்ததும் அடுத்த பெட்டிக்குப் போகாமல், சுற்றிவிட்டு நேர் எதிரே இருப்பதை நிரப்புவார்கள். ஒரு பக்கமே பாரம் சேர்ந்தால் சக்கரம் அந்தப் பக்கம் இழுக்கும். மோட்டாருக்கும் பிரேக்குக்கும் சிரமம். வரிசையில் நிற்பவர்களுக்கு "ஏன் இவ்வளவு நேரம்?" என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் எல்லாருடைய பாதுகாப்பும் இருக்கிறது.

ராட்சத ராட்டினத்தை ஆங்கிலத்தில் பெரிஸ் வீல் என்பார்கள். ஜார்ஜ் பெரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர் அது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் நிறுத்திய சக்கரம் 264 அடி உயரம். பெட்டிகள் 36, பெட்டிக்கு 60 பேர். ஒரே சமயத்தில் 2,160 பேர் ஏறலாம். 1906-இல் அதைத் தகர்த்துவிட்டார்கள். ஆனால் ஏறிச் சுற்றும் சக்கரம் அவருக்கு மிகவும் முந்தியது. பியத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி 1615-இல் கான்ஸ்டான்டிநோபிளில், ரம்ஜான் கொண்டாட்டத்தின்போது, அப்படி ஒரு சக்கரத்தில் ஏறிச் சுற்றியதை எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் சூரத், கோவா, கள்ளிக்கோட்டை வரை வந்தவர் அவர்.

தமிழில் இந்த ஆட்டத்துக்கு முன்னோடி ஊசல், அதாவது ஊஞ்சல். சிலப்பதிகாரத்தில் ஊசல் வரி இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலில் 96 தூண்களோடு ஊஞ்சல் மண்டபம் நிற்கிறது. ஊஞ்சல் ஆடலாம், ராட்டினம் ஆடலாம், சுற்றலாம், ஏறலாம். "ராட்டினத்துல ஏறுதியா?" என்று கேட்டால் போதும். 'ரைடு போகலாமா' என்பது விளம்பரத்தில் பிறந்த பேச்சு.

சரி, ராட்டினங்கள் கூடிய இடத்துக்கு என்ன பெயர்? நெல்லைக்காரர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: பொருட்காட்சி. ஆனித் தேரோட்டத்தை ஒட்டி டவுன் பொருட்காட்சித் திடலில் நடப்பதைத்தான் சொல்கிறேன். பொருள்களின் காட்சி என்பது சொல்லின் நேர்ப்பொருள். அரசுத் துறைகளின் அரங்குகளும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் குடும்பம் குடும்பமாக ஜனம் போவது ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவிலும், குலசை என்னும் குலசேகரன்பட்டினத்துத் தசராவிலும் சாதி மதம் பாராமல் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து கத்துகிறார்கள். காம்பவுண்டுச் சுவரும் விலை கூடிய நுழைவுச்சீட்டும் இல்லாத இந்தத் திடல்களை நான் பெரிதும் மதிக்கிறேன். இவை சுருங்கக்கூடாது.

நிலையாக ஓரிடத்தில் இருப்பவைக்குத்தான் பூங்கா என்ற சொல் வருகிறது. கா என்றால் சோலை. திருவானைக்கா, திருக்கோலக்கா என்ற ஊர்ப் பெயர்களில் இருப்பது அதுவே. 1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தபோதும், அதற்கு முன்பே சென்னை கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரைக்குக் கூட்டம் கூட்டமாகப் போனபோதும், ஜனங்கள் இடத்தின் பெயரையே சொன்னார்கள். அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்த்ததை ஊருக்கு வந்து கதையாகச் சொன்னவர்களும், "வி.ஜி.பி. போனோம்" என்றுதான் தொடங்கினார்கள். பொதுப்பெயராக வேண்டுமென்றால் பொழுதுபோக்குப் பூங்கா, கேளிக்கைப் பூங்கா இரண்டும் உண்டு. கேளிக்கை என்றதும் கேளிக்கை வரி நினைவுக்கு வருகிறது, அலுவலக வாடையும் அடிக்கிறது. எனக்கு முன்னதே பிடிக்கும்.

தீம் பார்க் என்பது அதில் ஒரு வகை. ஒரு கதையையோ ஒரு காலத்தையோ மையமாக வைத்து முழு இடத்தையும் அமைப்பது. 1955-இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாந்து இதற்குப் பேர்பெற்ற முன்மாதிரி. தமிழில் கருப்பொருள் பூங்கா என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள் என்று அடுக்குவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை. ஒரு நிலத்துக்கு உரியவை என்பது பொருள். அப்படியொரு பூங்காவுக்கு நெல்லைச் சீமையில் என்ன குறை? பொதிகையில் குறிஞ்சி, பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் மருதம், உவரியில் நெய்தல். தேரி எனப்படும் செம்மணல் மேட்டைப் பாலை என்று கொள்வாரும் உண்டு. பனையும் கருப்பட்டியும் வில்லும் குடமும் வள்ளமும் வைத்து யாராவது ஒன்றைக் கட்டினால், அதன் வாசலில் கருப்பொருள் பூங்கா என்று எழுதலாம். சொல் முழுப்பொருளோடு நிற்கும். உள்ளே நீரில் சறுக்குவதற்கு நீர்ச்சறுக்கு, சுற்றுவதற்கு ராட்டினம்.