அசதியும் தடிப்பும் ஒன்றாக வந்தால்: வளைகுடாப் போர் நோயின் கணக்கு

‘வளைகுடாப் போர் நோய் நிஜமா, இழப்பீட்டுக்கான சாக்கா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 1990–91இல் அந்தப் போருக்குப் போன அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 6,97,000 பேர். அவர்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்கினருக்குத் தீராத அசதி, மூட்டுவலி, மறதி, தோல் தடிப்பு, வயிற்றுக் கோளாறு. வழக்கமான பரிசோதனைகளில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. மிஞ்சியவை கேள்வித்தாள்கள், வேலை புள்ளியியலாளர் தலையில் விழுந்தது.

அவர்கள் கையிலெடுத்தது காரணிப் பகுப்பாய்வு. 25 அறிகுறிகள் என்றால் 300 இணைகள். ஒவ்வோர் இணைக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து வருகின்றன என்று காட்டும் எண்) கண்டு, அந்த அட்டவணை முழுவதையும் நேரில் அளக்க முடியாத இரண்டு மூன்று மறைகாரணிகளால் விளக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மென்பொருள் நொடியில் முடித்துவிடும்.

வில்லங்கம் அந்தக் கெழுவிலேயே இருக்கிறது. 100 பேரில் 60 பேருக்கு அசதி, 5 பேருக்குத் தடிப்பு. அந்த 5 பேருக்கும் அசதியும் உண்டு என்று வைப்போம். இந்த எண்ணிக்கைகளில் இதைவிட நெருக்கம் சாத்தியமில்லை. ஆனாலும் வழக்கமான ஒட்டுறவுக் கெழுவான பியர்சன் கெழு 0.19தான்! அசதியுள்ள மீதி 55 பேருக்குத் தடிப்பு இல்லாததால் அதன் உச்சவரம்பே அவ்வளவுதான். 5 பேருக்கு மட்டும் வரும் இரு அறிகுறிகள் என்றால் 1 வரை ஏறும். ஆக அபூர்வமானவை ஒரு பக்கமும் பரவலானவை ஒரு பக்கமும் ஒதுங்கும். கணினி இரண்டு ‘நோய்’ காட்டும். பிரித்தது உடலல்ல, வெறும் எண்ணிக்கை.

மாற்று, டெட்ராகோரிக் கெழு. ‘உண்டு/இல்லை’ பதிலுக்கு அடியில் கடுமை என்ற தொடர் அளவு இயல்நிலைப் பரவலில் (மணி வடிவ வளைவில்) இருப்பதாகக் கொண்டு, அந்தக் கடுமைகளுக்கு இடையிலான ஒட்டுறவை இது மதிப்பிடுகிறது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் ‘தடிப்பு உண்டு, அசதி இல்லை’ என்ற கட்டம் 0. உடனே கெழு 1க்குத் தாவிவிடும்; அதைத் தடுக்க அந்தக் கட்டத்தில் 0.5 சேர்ப்பது வழக்கம். சில நூறு பேரே உள்ள மாதிரியில் அந்த அரை ஆளே காரணிகளை இடம் மாற்றிவிடக்கூடும்.

அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ஹேலியின் 1997 ஆய்வு ஒரு கடற்படைக் கட்டுமானப் பிரிவில் மூன்று நோய்க்குறித் தொகுப்புகளைக் கண்டது. பங்கேற்றவர் 606 பேரில் 249 பேர். காரணிப் பகுப்பாய்வில் போருக்குப் போகாதவர் எவருமில்லை. 1999இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு வளைகுடாவுக்குப் போகாமல் போஸ்னியா சென்ற வீரர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, அறிகுறிகள் சேரும் விதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதை வைத்து ‘நோயே இல்லை’ என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அவசரப்பட்டார்கள் என்பேன். சேரும் விதம் ஒன்றாக இருந்தாலும் எண்ணிக்கை வேறாகலாம். அமெரிக்க விமானப்படையினரிடையே 1998இல் வெளியான ஆய்வில் நாள்பட்ட பல்லறிகுறி நோய் போருக்குப் போனவர்களில் 45%, போகாதவர்களில் 15%.

காரணத்தைப் பிடிப்பது இன்னும் கடினம். நரம்பு வாயுவுக்கு முன்காப்பாக 30 மில்லிகிராம் பைரிடோஸ்டிக்மைன் மாத்திரையை 8 மணிக்கொருமுறை விழுங்கச் சொன்னார்கள். யார் எத்தனை விழுங்கினார் என்ற முறையான பதிவு இல்லை. மாத்திரைக்குச் செலவழித்த இராணுவம் ஒரு பதிவேட்டுக்குச் செலவழிக்கவில்லை! நோயுற்றவர் பழைய ஆபத்துகளை அதிகமாக நினைவுகூர்வார் என்பதால் வாய்மொழியை மட்டும் நம்பவும் முடியாது.

2022இல் ஹேலி குழு இதற்கு வழி கண்டது: மரபணு. பான்1 மரபணுவின் க்யூ வடிவம் தரும் நொதி சாரின் என்ற நரம்பு வாயுவை நன்றாகச் சிதைக்கும், ஆர் வடிவம் தருவது அவ்வளவாகச் சிதைக்காது. நரம்பு வாயு எச்சரிக்கை மணி கேட்டவர்களில், கேட்காதவர்களோடு ஒப்பிட, நோயின் வாய்ப்பு விகிதம் க்யூக்யூ (பெற்றோர் இருவரிடமிருந்தும் க்யூ) உள்ளவர்களுக்கு 3.75 மடங்கு, க்யூஆர் 4.43, ஆர்ஆர் 8.91. நினைவுப் பிழை மூன்று எண்களையும் ஊதிப் பெரிதாக்கியிருக்கலாம். ஆனால் தன் பான்1 எந்த வடிவம் என்று எந்த வீரருக்கும் தெரியாது; அந்த ஏறுவரிசையை நினைவுப் பிழையால் மட்டும் விளக்குவது கடினம்.