மாட்டுக்குப் போட்ட ஊசியும் பாறுகளின் சிறுநீரகமும்

இந்தியாவில் மாடும் எருமையுமாக ஏறத்தாழ 30 கோடி இருப்பதாக 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவை மூப்பாலோ நோயாலோ செத்தால் உடலை என்ன செய்வது? வட இந்தியக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடுவார்கள். தோலை உரிக்க ஆள் வருவார். அவர் உரித்துக்கொண்டு நகர்ந்ததும் பாறுகள் இறங்கும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கும் அதே பறவைதான். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடு மட்டும்தான் மிஞ்சும். அந்த எலும்பையும் பொறுக்கி உர ஆலைக்கு விற்க ஒருவர் இருந்தார். அரசுக்கு ஒரு பைசா செலவில்லாமல் நடந்த துப்புரவு இது.

இந்த வேலைக்கென்றே அமைந்த உடல் பாறுக்கு. மாட்டின் வயிற்றுக்குள் கழுத்தை நுழைத்துத் தின்னும்போது ரத்தமும் நிணமும் ஒட்டாமலிருக்கத் தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு. இரைப்பை அமிலமோ மிகக் கடுமையானது; அதன் அமிலத்தன்மை பிஎச் 1-க்கு அருகில் இருக்கும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும்). அழுகிய இறைச்சியிலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துபோகும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் கண்டு இறந்த மாட்டைத் தின்றும் பாறு பிழைத்துக்கொள்ளும். தேடும் முறையும் சிக்கனமானது. இறக்கையை அடிக்காமல் வெப்பக் காற்றில் மிதந்தபடி நிலத்தையும் பார்க்கும், தொலைவில் மிதக்கும் மற்ற பாறுகளையும் பார்க்கும். ஒன்று கீழே இறங்கினால் போதும், சுற்றுவட்டாரத்தில் உள்ளவை எல்லாம் வந்து சேர்ந்துவிடும். இந்தப் பழக்கம்தான் பின்னால் அவற்றுக்கு எமனாயிற்று.

1990-களின் இறுதியில் ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். கிளைகளில் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்த பாறுகள் பிறகு செத்து விழுந்தன. வைரஸாக இருக்குமோ, பூச்சிமருந்தாக இருக்குமோ என்று பல திசைகளில் தேடினார்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

விடை பாகிஸ்தானிலிருந்து கிடைத்தது. அமெரிக்கக் கால்நடை நோயியல் வல்லுநர் லிண்ட்சே ஓக்ஸும் அவரது குழுவினரும் இறந்த பாறுகளை அங்கே அறுத்துப் பார்த்தார்கள். ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக ஒரு படிவு இருந்தது. அது யூரிக் அமிலம். அப்படிப் படிவு கண்ட 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25-இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. படிவு இல்லாமல் வேறு காரணங்களால் இறந்த 13-இல் ஒன்றில்கூட அந்த மருந்து இல்லை. 2004-இல் இந்த ஆய்வு வெளியானது.

டைக்ளோஃபெனாக் நம் எல்லோருக்கும் தெரிந்த வலிநிவாரணிதான். மூட்டுவலிக்கு மாத்திரையாக வாங்குகிறோம். 1990-களில் விலை மலிந்து மாட்டு மருந்தாகவும் பரவியது. மடிவீக்கம், காய்ச்சல், கால் வீக்கம் என்று எதற்கும் இந்த ஊசியைப் போட்டார்கள். மாட்டின் உடலிலிருந்து சில நாட்களில் அது வெளியேறிவிடும். ஊசி போட்டும் பிழைக்காமல், மருந்து வெளியேறும் முன்பே இறந்துபோன மாடுகளில்தான் சிக்கல்.

நம் உடல் நைட்ரஜன் கழிவை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறது. பறவைகள் தண்ணீரை மிச்சப்படுத்த அதை யூரிக் அமிலமாக மாற்றுகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். ரத்தத்திலிருக்கும் யூரிக் அமிலத்தைச் சிறுநீரக நுண்குழல்களின் செல்கள் ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் அந்தச் செல்களைச் சிதைத்து, அவற்றின் வேலையை நிறுத்திவிடுகிறது. யூரிக் அமிலம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், கரைய இடமில்லாமல் உறுப்புகளின் மேல் படிகமாகப் படிகிறது. இரண்டு மூன்று நாட்களில் பறவை இறந்துவிடும். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் அளவே பாதிப் பறவைகளைக் கொல்லப் போதும். பாறு ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நாம் விழுங்கும் மாத்திரை ஒன்றில் 50 மில்லிகிராம் இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இதில் வியப்பு என்னவென்றால், அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு இதைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் தாங்கிக்கொண்டது. அதுவும் பிணம் தின்னும் பறவைதான், ஆனால் நம் பாறுகளுக்கு நெருங்கிய உறவில்லை. ஒரு பறவையில் சோதித்துவிட்டுப் பறவைகளுக்கெல்லாம் ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஊசி போட்ட மாடுகள் எத்தனை இருந்திருக்கும் என்பதுதான் என்னை மிகவும் உலுக்கிய பகுதி. கொல்லும் அளவு மருந்து நூறு பிணங்களில் ஒன்றில்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. அதற்கும் குறைவாக இருந்தாலே இந்த அழிவு நடந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். எப்படி? இருநூறு பிணங்களில் ஒன்றில் மட்டும் விஷம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாறு மூன்று நாளுக்கு ஒருமுறை தின்கிறது என்றால் வருடத்துக்குச் சுமார் 120 முறை. ஒவ்வொரு முறையும் தப்பிக்க 99.5 சதவீத வாய்ப்பு உண்டு. ஆனால் 120 முறையும் தப்பிக்கும் வாய்ப்பு 55 சதவீதம்தான். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். போதாததற்கு, ஒரு பிணத்தைச் சுற்றி உட்கார்வது ஒரு பறவை அல்ல, ஒரு கூட்டம்.

எலியாக இருந்தால் அடுத்த பருவத்துக்குள் குட்டி போட்டு ஈடுகட்டிவிடும். பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து வருடம் ஆகும். இப்படி மெதுவாகப் பெருகும் உயிர் நிலைத்திருக்க வேண்டுமானால், வளர்ந்த பறவைகள் அரிதாகத்தான் சாக வேண்டும். இயற்கையின் சமநிலை என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது பாறு விஷயத்தில் இந்தப் பிறப்பு இறப்புக் கணக்குதான். யானையும் கடலாமையும் இதே வகை. சாவு விகிதம் கொஞ்சம் கூடினாலும் இவற்றால் தாங்க முடியாது.

பாறுகள் போனபின் பிணங்கள் வெயிலில் கிடந்து அழுகின. நாய்கள் பெருகின. அழுகலில் பாறு சாகடிக்கும் கிருமிகள் நாயின் வயிற்றில் அப்படிச் சாவதில்லை. வெறிநோயைப் பரப்புவதும் நாய்தான். பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களையும் அவை அதிகம் இல்லாத மாவட்டங்களையும் பொருளியலாளர்கள் ஈயல் பிராங்க், அனந்த் சுதர்ஷன் இருவரும் ஒப்பிட்டார்கள். 2000 முதல் 2005 வரை கூடுதலாக ஐந்து லட்சம் மனித உயிர்கள் போயிருக்கும் என்பது 2024-இல் அவர்கள் வெளியிட்ட மதிப்பீடு. மாட்டின் வலி தீரட்டும் என்று போட்ட ஊசியின் விலை இது. போட்டவர் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அதே வருடம் மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை என்று ஆய்வில் தெரிந்ததால் மாற்று மருந்தும் கையில் இருந்தது. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. 2015-இல் மனிதர்களுக்கான ஊசிக் குப்பி 3 மில்லி லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் விதியை உறுதி செய்தது. அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணிகள் இரண்டும் கால்நடைக்குக் கூடாது என்ற தடை 2023-இல்தான் வந்தது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. இது தெரிந்த பின்னும் இத்தனை ஆண்டுகள் தாமதித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

தென்னிந்தியாவில் பாறுகள் ஓரளவு தாக்குப்பிடித்திருப்பது முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில். ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. புலி தின்று மிச்சம் வைத்த கடமானும் காட்டெருமையும் அங்கே இரையாகக் கிடைப்பதால் ஊசி போட்ட மாட்டை நம்பி இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் சேர்ந்து எண்ணினாலும் சில நூறுதான். மாட்டை அடித்த புலியைக் கொல்ல அந்தப் பிணத்தில் பூச்சிமருந்து தடவுகிறவர்களும் உண்டு. அதில் பாறுகளும் சேர்ந்து சாகின்றன.

காட்டோர ஊர்களில் மாடு வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது இரண்டு. வலிக்கு ஊசி போடும்போது மெலாக்சிகாம்தானா என்று மருத்துவரிடம் கேட்பது ஒன்று. வேறு வலிநிவாரணி போட்ட மாடு ஒரு வாரத்துக்குள் இறந்துபோனால், அதைக் காட்டோரம் போடாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடுவது இன்னொன்று.